வருமான வரி ரீஃபண்ட்: சிக்காமல் வாங்குவதும், வந்ததை வீட்டுக் கணக்கில் சேர்ப்பதும்

சம்பளக்காரர் வீடுகளுக்கு ரீஃபண்ட் வந்து சேரும் காலம் விசேஷமானது. ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்று, ஆவணி முகூர்த்தங்களுக்கு மொய் எழுத வேண்டும், அதன்பிறகு தீபாவளி. இவற்றுக்கு நடுவே ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஏதோ ஒரு நாள் பாஸ்புக்கில் வரி ரீஃபண்ட் என்று ஒரு வரி விழுகிறது. 20,000, 35,000, சிலருக்கு 60,000. இரண்டு வாரத்தில் அது போன இடம் தெரிவதில்லை. அதை ஊதாரித்தனம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணம் வருவதற்கு முன்பே அதற்கென்று ஒரு வேலையை வீட்டில் யாரும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை சொல்லி வைப்பதற்கு முன்னால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். கட்ட வேண்டியதைவிட அதிகமாகப் பிடிக்கப்பட்ட வரிதான் ரீஃபண்ட். பெரும்பாலான வீடுகளில் அந்த அதிகப் பிடித்தம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கிறது. வாடகை, காப்பீடு போன்றவற்றுக்குக் கழிவு கிடைக்கும் பழைய வரி முறையில் இருப்பவர் ஏப்ரலில் கம்பெனி கேட்ட முதலீட்டு விவரத்தை நிரப்பியிருப்பார். ஜனவரியில் ரசீது கேட்கும்போது வாடகை ரசீதும் காப்பீட்டு பிரீமிய ரசீதும் கைவசம் இருக்காது. ரசீது இல்லாவிட்டால் கழிவு இல்லை என்று வைத்து, முழு வருட வரிப் பாக்கியையும் மீதமுள்ள சம்பளங்களில் கம்பெனி பிடித்துவிடும். அரையாண்டுத் தொழில் வரியும் பெரும்பாலும் அதே சமயத்தில் சேர்ந்துகொள்ளும். மார்ச்சில் சம்பளம் மெலிந்து, வீட்டில் ஒரு வளையல் அடகுக்குப் போகும். ஆகஸ்டில் ரீஃபண்ட் வந்ததும் அந்த வளையல் திரும்பி வரும். நடுவில் கட்டிய வட்டி, ஒரு ரசீதைத் தேடி எடுக்காததற்கான விலை.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களிடம் 10 சதவீதம் பிடித்தம் ஆகியிருக்கும். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வாங்கியவரிடம் விற்பனையாளர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வரி, வாங்கியிருப்பார். 12 லட்ச ரூபாய் காருக்கு 12,000. இதை ரிட்டர்னில், அதாவது வருமான வரிக் கணக்குத் தாக்கலில், எடுத்துக்கொள்ளாமல் விட்டவர்கள் நிறைய. பெற்றோரின் எஃப்டி வட்டியில் போகும் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும் இடத்திலேயே பிடிக்கும் வரி, தனிக்கதை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

வேலை மாறியவர்களுக்கு நிலைமை நேர்மாறு. பழைய கம்பெனி ஒரு முறை, புதிய கம்பெனி ஒரு முறை என்று சம்பளக்காரருக்கான நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்ஷனும் வரி இல்லாத அடிப்படை வரம்பும் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும். ரீஃபண்ட் வரும் என்று காத்திருந்தவர் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். புதிய கம்பெனியில் சேரும்போதே பழைய இடத்துச் சம்பள விவரத்தைக் கொடுத்துவிட்டால் இந்த அதிர்ச்சி இல்லை.

தாக்கல் செய்யும்போது

சீக்கிரம் தாக்கல் செய்தால் சீக்கிரம் பணம் என்பது பாதிதான் உண்மை. ஜனவரி முதல் மார்ச் வரைக்கான டிடிஎஸ் கணக்கைக் கொடுக்க கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் மே 31 வரை அவகாசம் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழான படிவம் 16 தர ஜூன் 15. அதற்கு முன்பே ரிட்டர்ன் போட்டால், கடைசி மூன்று மாதப் பிடித்தம், உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறாமலேயே இருக்கலாம். நீங்கள் எழுதிய தொகையும் வருமான வரித் துறையிடம் இருக்கும் தொகையும் ஒத்துப்போகாது, ரீஃபண்ட் குறைத்துத்தான் வரும். ஜூன் 15-க்கும் ஜூலை 10-க்கும் இடைப்பட்ட காலம்தான் தோதானது. சம்பளக்காரர்களுக்குக் கடைசித் தேதி வழக்கமாக ஜூலை 31. கடைசி வாரத்துக்கு விட்டால் துறையின் இணையதளமான போர்டலும் திணறும், நீங்களும் திணறுவீர்கள்.

உட்காருவதற்கு முன் மூன்று தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: படிவம் 16, 26ஏஎஸ், வருடாந்திரத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ். முதல் இரண்டிலும் டிடிஎஸ் தொகை ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தது 26ஏஎஸ்-இல் இல்லையென்றால் கம்பெனி அதைக் கட்டவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறது. கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதித் திருத்தக் கணக்கு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஏஐஎஸ்-இல் பார்க்க வேண்டியது வட்டி வருமானம். மறந்துபோன ஒரு சேமிப்புக் கணக்கின் 1,800 ரூபாய் வட்டியும் அங்கே இருக்கும். அதைச் சேர்க்காமல் விட்டால்தான் பிறகு கேள்வி வருகிறது.

இனி, தமிழ்நாட்டுக்காரர்களை அதிகமாக அலைக்கழிக்கும் விஷயம்: இனிஷியல். ரீஃபண்ட் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கைப் போர்டலில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்க வேண்டும், அதாவது ப்ரீ-வேலிடேட். அந்தச் சோதனையில் வங்கியில் உள்ள பெயரும் பான் பெயரும் ஒப்பிடப்படும். நம் பக்கத்தில் வங்கிப் புத்தகத்தில் 'எஸ். முருகன்' என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு 'முருகன் சுப்பையா' என்று இருக்கும். ஆதாரில் 'முருகன் எஸ்'. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கணினி ஒத்துக்கொள்ளாது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறிய பெண்களுக்குச் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு அதிகம்.

இதைச் சரிசெய்ய எந்த ஆவணத்தை மாற்றுவது என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலும் சுலபமான வழி, பானைத் தொடாமல் வங்கிக் கணக்கின் பெயரைப் பானில் உள்ளபடி மாற்றுவதுதான். கிளைக்குப் போய் பான் நகல், ஆதார் நகல், ஒரு விண்ணப்பம் கொடுத்தால் கேஒய்சி விவரத்தில் மாற்றித் தருவார்கள். பான் எண் அந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் அப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் மாறிய பிறகு போர்டலில் மறுபடியும் வேலிடேட் கொடுக்க வேண்டும், தானாக நடக்காது. இந்த வேலையை மே மாதத்திலேயே முடிப்பது நல்லது. ரீஃபண்ட் தோல்வி அடைந்த பிறகு செய்தால் ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

ரீஃபண்ட் தோல்விக்கு இன்னொரு காரணம், வங்கிகள் இணைந்ததால் கிளையின் குறியீட்டு எண்ணான ஐஎஃப்எஸ்சி மாறியது. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. போர்டலில் இன்னமும் பழைய எண்ணோடு கணக்கு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாமல் முடங்கிய கணக்கைக் கொடுப்பதும் அதே வகைத் தவறுதான். சம்பளம் வரும் கணக்கையே ரீஃபண்டுக்கும் குறித்துக்கொள்வது நிம்மதி. பான், ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் ரீஃபண்டே வராது. இணைக்கும் வரைக்குமான காலத்துக்கு வட்டியும் கிடையாது.

ரிட்டர்னை அனுப்பியதும் வேலை முடிந்ததாக நினைத்து லேப்டாப்பை மூடிவிடுபவர்கள் பலர். 30 நாளுக்குள் இ-வெரிஃபை, அதாவது அது நீங்கள் போட்டதுதான் என்று இணையத்தில் உறுதி, செய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் இரண்டு நிமிட வேலை. அந்த 30 நாளைத் தவறவிட்டால் பிறகு வெரிஃபை செய்யும் தேதியே தாக்கல் தேதியாகிவிடும். ஜூலையில் போட்டது காலதாமத ரிட்டர்னாக மாறும், தாமதக் கட்டணமும் வரும். வெரிஃபை செய்யாமலே விட்டால் தாக்கல் செய்யாததற்குச் சமம்.

அதன்பிறகு துறையின் பெங்களூரு மையத்திலிருந்து, உங்கள் ரிட்டர்னைச் சரிபார்த்த முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். (இங்கே சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் வருடச் சட்டத்தில் உள்ளவை. 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு அந்தச் சட்டம்தான்.) கோப்பைத் திறக்கப் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் தட்டி, இடைவெளி இல்லாமல் பிறந்த நாள், மாதம், வருடத்தை எட்டு இலக்கமாகப் போட வேண்டும். உள்ளே இரண்டு பத்திகள் இருக்கும்: நீங்கள் சொன்னது ஒன்று, துறை கணக்கிட்டது ஒன்று. வரி வரியாக ஒப்பிட்டால் எங்கே குறைந்தது என்று தெரிந்துவிடும். பழைய வருடத்துப் பாக்கி ஏதாவது இருந்தால் 245-ஆம் பிரிவின்படி அதில் கழித்துக்கொள்ளப்போவதாக முன்கூட்டியே கேட்பார்கள். பதில் சொல்ல 21 நாள். மெளனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள். ஏற்கெனவே கட்டிய பாக்கி என்றால் சலான் விவரத்தோடு அந்த 21 நாளுக்குள் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

பணம் அனுப்பியும் கணக்கில் ஏறவில்லை என்று காட்டினால், வங்கிக் கணக்கைச் சரிசெய்துவிட்டுப் போர்டலின் சர்வீசஸ் பகுதியில் ரீஃபண்ட் ரீஇஷ்யூ கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள்.

ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 'உங்களுக்கு 80,000 ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் இவ்வளவு கமிஷன்' என்று சொல்லும் ஏஜென்ட் பக்கமே போகாதீர்கள். கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத கல்விக் கடன், குடியிருக்காத வாடகை வீடு என்று போட்டுத்தான் அந்தத் தொகையைக் காட்டுவார். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்க இப்படிப்பட்ட போலிக் கழிவுகளைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டால் வரி, வட்டி, அதற்கு மேல் வரியில் 200 சதவீதம் வரை அபராதம். ஏஜென்ட் கமிஷனோடு போய்விடுவார், நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். அதேபோல, ரீஃபண்ட் அங்கீகரிக்கப்பட்டது, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று வரும் குறுஞ்செய்தி எல்லாமே திருட்டு. சரிபார்த்த கணக்குக்குப் பணம் தானாகவே வரும். அதற்கு எதையும் தொட வேண்டியதில்லை, யாருக்கும் ஓடிபி சொல்ல வேண்டியதில்லை.

வந்த பணத்துக்கு என்ன வேலை

36,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது வீட்டில் எந்தக் கடன் அதிக வட்டி தின்கிறது என்பது. கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ஒரு மாதத்துக்கு வட்டி 1,400, அதன்மேல் ஜிஎஸ்டி 252. மாதம் 2,000 கட்டிக்கொண்டு வருபவருக்கு அசலில் குறைவது 348 ரூபாய்தான். 36,000-ஐ அப்படியே கார்டில் கட்டினால் மாதம் சுமார் 1,487 ரூபாய் மிச்சம். அதே பணத்தை 7 சதவீத எஃப்டியில் போட்டால் மாதம் 210 கிடைக்கும். கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு எஃப்டி போடுவதோ, நகைச் சீட்டு சேருவதோ கணக்குக்கு உதவாது.

கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பில்லில் உள்ள தொகையைக் கட்டினால், பில் தேதியிலிருந்து கட்டிய தேதி வரைக்குமான வட்டி அடுத்த பில்லில் வரும். கட்டி முடித்த பிறகும் ஏன் வந்தது என்று பதற வேண்டாம். வாடிக்கையாளர் சேவையில் அன்றைய தேதிக்கு முழு பாக்கி எவ்வளவு என்று கேட்டு அதைக் கட்டலாம். பாக்கி தொடரும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால், பில் பூஜ்யத்தில் வரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்காமல் இருப்பது அவசியம்.

கார்டு இல்லாத வீட்டில் அடகு நகை இருக்கும். 60,000 ரூபாய்க்கு வங்கி நகைக்கடனில் 10 சதவீதம் என்றால் மாதம் 500. தனியார் அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் 1,200. எனவே முதலில் மீட்க வேண்டியது கடையில் இருப்பதை. ரீஃபண்ட் முழுசாக மீட்கப் போதவில்லை என்றால் வேறொரு சங்கடம் வரும்: ஐந்து நகையை ஒரே கடனாக வைத்திருந்தால், பாதிப் பணம் கட்டி ஒரு நகையை மட்டும் எடுக்கப் பெரும்பாலான இடங்களில் விடமாட்டார்கள். அடகு வைக்கும்போதே 60,000-ஐ ஒரே கடனாக இல்லாமல் 30,000 வீதம் இரண்டாகப் போட்டு வையுங்கள். 36,000 வந்தால் ஒன்றை வட்டியோடு முழுக்க மீட்டுவிட்டு மற்றதில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். வருடக் கணக்கில் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போவதுதான் நகை ஏலத்துக்குப் போகும் வழி.

இந்த இரண்டுமே இல்லாத வீடு அதிர்ஷ்டமான வீடு. அங்கே ரீஃபண்டுக்குச் சரியான இடம் வீட்டுக்கடன் அசல் என்று பலர் சொல்வார்கள். 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை சுமார் 26,035 என்ற கடனில், இரண்டு வருடம் முடிந்த நிலையில் 30,000 கூடுதலாக அசலில் கட்டினால் கடைசியில் சுமார் 5 தவணைகள் குறையும், கிட்டத்தட்ட 1.3 லட்சம். மாறும் வட்டிக் கடனில் தனிநபரிடம் முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது. கட்டும்போது தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுங்கள்.

ஆனாலும் வீட்டுக்கடனுக்கு முன்னால் நான் வேறொன்றை வைப்பேன்: வருடச் செலவுக் கணக்கு. மாதச் செலவை எல்லோரும் ஓரளவு சமாளிக்கிறார்கள். வீட்டைக் கடனில் தள்ளுவது வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகள். பள்ளிக் கட்டணம் 70,000, மருத்துவக் காப்பீடு 24,000, வண்டி இன்சூரன்ஸ் 4,000, இரண்டு அரையாண்டு வீட்டு வரி 6,000, தீபாவளி 25,000, பொங்கல் 8,000, மொய் 15,000. கூட்டினால் 1,52,000. மாதம் 12,667. இதில் எதுவுமே எதிர்பாராத செலவு கிடையாது, எல்லாமே போன வருடமும் வந்தவை. மொய் நோட்டைத் திறந்தால் திருப்பிச் செய்ய வேண்டிய தொகைகூட எழுதியிருக்கும்.

இந்தச் செலவுகளுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, அதன் ஏடிஎம் கார்டைப் பர்ஸில் வைக்காமல் பீரோவில் வைத்துவிட்டு, சம்பளம் வந்த மறுநாள் 12,667 தானாக அங்கே போகும்படி செய்ய வேண்டும். தொடங்குவதுதான் கஷ்டம். முதல் வருடம் ஜூன் கட்டணத்துக்குள் போதிய பணம் சேராது. ரீஃபண்ட் அந்த இடத்தில்தான் கைகொடுக்கும்: 36,000-ஐ முதல் தொகையாகப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்னால் நிற்பீர்கள். அக்டோபர் வீட்டு வரியை அந்த மாதத்துக்குள்ளேயே கட்டலாம். சென்னை மாநகராட்சியில் அப்படிக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. தீபாவளிக்குக் கார்டு தேய்க்க வேண்டியதில்லை. ரீஃபண்டில் ஒரு சிறு பங்கை, ஒரு 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றுக்கு வெளிப்படையாக ஒதுக்கிவிடுவதும் நல்லது. முழுசும் கடனுக்கே என்று இறுக்கிப் பிடித்தால் அடுத்த முறை கணக்கு பேச யாரும் உட்கார மாட்டார்கள்.

ரீஃபண்டோடு வரும் வட்டியை மறக்க வேண்டாம். உரிய தேதிக்குள் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு 0.5 சதவீதம், ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால். ஆகஸ்டில் வந்த 36,000-க்கு ஐந்து மாதம், 900 ரூபாய். ரீஃபண்டுக்கு வரி கிடையாது, இந்த 900-க்கு உண்டு. அடுத்த ரிட்டர்னில் இதர வருமானத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்த வருடம் அவ்வளவு பெரிதாக வராமல் இருக்க

36,000 ரீஃபண்ட் என்றால் சராசரியாக மாதம் 3,000 வீதம் தேவையில்லாமல் பிடித்தம் ஆகியிருக்கிறது. மே மாதம் பிடித்ததற்குக்கூட அடுத்த ஏப்ரலிலிருந்துதான் வட்டி. மொத்தமாக வந்தால்தான் சேமிக்க முடிகிறது என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கடன் இல்லாத வீட்டுக்கு. இரண்டு வட்டிக்கு வாங்கிக்கொண்டே அரசிடம் மாதம் 3,000 கொடுத்து வைப்பது சரியில்லை.

சம்பளக்காரர் செய்ய வேண்டியது மூன்று. ஏப்ரலில் பழைய முறையா, புதிய முறையா என்று கணக்குப் போட்டுக் கம்பெனிக்குச் சொல்வது. 2025-26-க்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரருக்கு 75,000 கழிவோடு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதால், பலருக்கு ரசீதுத் தொல்லையே தேவையில்லை. பழைய முறைதான் லாபம் என்றால் டிசம்பருக்குள் வாடகை ரசீது, பிரீமிய ரசீதுகளை ஒரே உறையில் சேர்த்து வைப்பது. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் வேண்டும், அதை வீட்டுக்குக் குடிபோகும்போதே கேட்டு வாங்குவது சுலபம். மூன்றாவது, எஃப்டி வட்டியிலோ கார் வாங்கியதிலோ பிடித்த வரியை 12பிஏஏ என்ற பெயரில் அறிமுகமான படிவத்தில் கம்பெனிக்குத் தெரிவிப்பது. 2024 அக்டோபரில் வந்த வசதி இது, நிறைய பேருக்குத் தெரியாது. தெரிவித்தால் மீதி மாதச் சம்பளப் பிடித்தத்தில் அது கழிந்துவிடும்.

பெற்றோர் விஷயம். ஓய்வு பெற்ற அப்பா 18 லட்சத்தை ஒரே வங்கியில் 7 சதவீதத்தில் போட்டிருந்தால் வருட வட்டி 1,26,000. மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள், 12,600 போய்விடும். அவருக்கு வேறு வருமானம் பெரிதாக இல்லையென்றால் வரியே இல்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் அந்த 12,600 திரும்பும். வருமானம் வரம்புக்குள் இருக்கிறது, எதற்கு ரிட்டர்ன் என்று விட்டுவிடும் வீடுகளில் இது வருடா வருடம் வராமலே போகிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே 15எச் என்று பழகிய, தனக்கு வரி வராது என்னும் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்தால் பிடித்தமே நடக்காது. மாதம் 1,050 அவர் கையிலேயே இருக்கும். எந்தெந்த வங்கியில் எஃப்டி இருக்கிறதோ அங்கெல்லாம் தனித்தனியாக, ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும். போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது. ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே சில வருடங்கள் விட்டுப்போயிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் காண்டொனேஷன் விண்ணப்பத்தைப் போர்டலில் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், தாமதத்துக்குக் காரணமும் ஆதாரமும் வேண்டும். மருத்துவமனையில் இருந்தது, படிவம் கைக்கு வராதது போன்றவற்றுக்குத் தாள் இருந்தால் இணைத்துவிடுங்கள். அனுமதி கிடைத்ததும் அந்த வருடத்து ரிட்டர்னைத் தாக்கல் செய்து, இதற்கும் மறக்காமல் 30 நாளுக்குள் வெரிஃபை செய்ய வேண்டும். இந்தத் தாமதமான கோரிக்கைகளுக்கு ரீஃபண்ட் மேல் வட்டி தரமாட்டார்கள், அசல் மட்டும்தான் வரும்.